வயலுக்கும் கிண்ணத்துக்கும் இடையே

ஆறு மாதம் நிறைந்த குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டும் போதாது. அன்று தொடங்கி இரண்டு வயது முடிகிற வரையிலான ஒன்றரை ஆண்டில், கருவிலேயே தொடங்கிவிட்ட சத்துக்குறைவுகூட இன்னும் ஆழமாக வேர்பிடிக்கிறது. பின்னால் பள்ளியில் போடும் சோற்றால் அதை முழுதாக ஈடுகட்ட முடிவதில்லை. 2022இல் உலகில் ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் 14.8 கோடிக் குழந்தைகள் வயதுக்கேற்ற உயரம் இல்லாமலும், 4.5 கோடிக் குழந்தைகள் உயரத்துக்கேற்ற எடை இல்லாமலும் இருந்ததாக யூனிசெஃப், உலக சுகாதார நிறுவனம், உலக வங்கி மூன்றும் சேர்ந்து மதிப்பிட்டன. பெரும்பாலோர் ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் இருக்கிறார்கள். இந்தியாவின் ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வில் (2019–21), 6 முதல் 23 மாதக் குழந்தைகளில் போதுமான உணவு கிடைத்தவர்கள் 11.3 சதவீதம்தான். அதே ஆண்டுகளில் இந்திய உணவுக் கழகத்தின் கிடங்குகளில் அரிசியும் கோதுமையும் தேவைக்கு மேல் குவிந்து கிடந்தன.

கடந்த எழுபது ஆண்டுகளில் உலகம் இதற்குப் பல விடைகளைச் சொல்லிப் பார்த்திருக்கிறது. புரத மாவு, பால் பவுடர், வைட்டமின் சொட்டு, கடலைப் பசைப் பாக்கெட். இவற்றின் நடுவே, பணமும் விளம்பரமும் அதிகம் இல்லாமல் இன்னொரு விடையும் கூடவே வந்திருக்கிறது: அந்தந்த ஊரின் வயலிலும் குளத்திலும் கொல்லையிலும் கிடைப்பதைக் கொண்டே குழந்தையைத் தேற்றிவிடலாம். அந்த விடை எங்கே பலித்தது, எங்கே தோற்றது, ஏன் என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி. நான் படித்தறிந்தவரை, பலித்த இடங்களில் எல்லாம் யாரோ ஒருவர் சத்துப் பட்டியலைப் படித்ததோடு நிற்காமல், அந்த உணவு வயலிலிருந்து குழந்தையின் கிண்ணத்துக்கு வரும் வழி நெடுகிலும் கூடவே நடந்திருக்கிறார். தோற்ற இடங்களில் அந்த நடையைத்தான் காணோம்.

சத்துப் பட்டியலைக் குறைத்துப் பேசவில்லை. 1918இல் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தின் ஒற்றை அறையில் ராபர்ட் மெக்காரிசன் தொடங்கிய பெரிபெரி ஆய்வுப் பிரிவுதான் பின்னாளில் ஐதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக வளர்ந்தது. குன்னூரில் அவருக்குப் பின் வந்த அய்க்ராய்டு 1937இல் இந்திய உணவுகளின் சத்து மதிப்பை நூலாக வெளியிட்டார். கேழ்வரகில் எவ்வளவு சுண்ணாம்புச்சத்து, முருங்கைக்கீரையில் என்ன இருக்கிறது என்று இன்று நாம் பேசுவதெல்லாம் அந்த உழைப்பின் தொடர்ச்சி.

சிக்கல் அடுத்த கட்டத்தில் வந்தது. 1950களிலும் 60களிலும் ஐ.நா. அமைப்புகள், ஏழை நாட்டுக் குழந்தைகளின் குறை புரதக்குறைதான் என்று முடிவுகட்டின. 1955இல் புரத ஆலோசனைக் குழு அமைந்தது. 1968இல் வரவிருக்கும் புரத நெருக்கடியைத் தடுக்க வேண்டும் என்று ஐ.நா. அறிக்கை எச்சரித்தது. உலகமெங்கும் ஆய்வுக்கூடங்கள் மாவு தயாரிக்க இறங்கின. மைசூரில் நிலக்கடலை மாவையும் கடலை மாவையும் கலந்து பல்நோக்கு உணவு ஒன்றை உருவாக்கினார்கள். குவாத்தமாலாவில் மக்காச்சோளத்தையும் பருத்திவிதை மாவையும் சேர்த்து இன்காப்பரினா வந்தது. எல்லாம் உள்ளூர்ச் சரக்கு, நல்ல நோக்கம், திறமான அறிவியல். ஆனால் மாவு கடைக்குப் போனது. கடையில் அதை வாங்கும் சக்தி உள்ளவர்களின் வீட்டுக்குப் போனது. இன்காப்பரினா இன்றும் விற்கிறது. குவாத்தமாலாவில் 2014–15 கணக்கெடுப்பில்கூட ஏறத்தாழப் பாதிக் குழந்தைகள் உயரம் குன்றியே இருந்தார்கள்.

இந்தப் புரத அலையை எதிர்த்து நின்றவர்களில் ஒருவர் சேலத்தில் பிறந்த மருத்துவர் சி. கோபாலன். ஐதராபாத் வட்டாரக் குழந்தைகள் உண்பதை அளந்து பார்த்த அவருடைய குழு, புரதத்துக்கு முன்னால் அவர்களுக்குச் சோறே போதவில்லை என்று கண்டது. நாள்தோறும் 310 கலோரியும் வெறும் 3 கிராம் புரதமும் தரும் தின்பண்டத்தைக் கொடுத்ததிலேயே குழந்தைகளின் உயரமும் எடையும் கூடின. 1974இல் டொனால்ட் மெக்லாரன் 'லான்செட்' இதழில் இந்தப் புரத முயற்சி முழுவதையும் மாபெரும் தோல்வி என்றே எழுதினார். குழந்தை உண்பது முழு உணவை. அதில் ஒரு சத்தை மட்டும் பிரித்தெடுத்து, அதையே நோய் என்றும் அதையே மருந்தென்றும் ஆக்கும் பழக்கம் அதன் பிறகும் ஒழியவில்லை.

சோறு போதவில்லை என்றால் அரிசியை அதிகம் கொடுத்தால் சரியாகிவிடுமா? அங்கேதான் குழந்தையின் வயிறு குறுக்கே நிற்கிறது. எட்டு கிலோ எடையுள்ள குழந்தையின் வயிறு ஒரு வேளைக்கு ஏறக்குறைய 240 மில்லிலிட்டர் கொள்ளும். ஒன்பது முதல் பதினொரு மாதக் குழந்தைக்குத் தாய்ப்பால் போக நாளொன்றுக்குச் சுமார் 300 கலோரி வேண்டும். ஒரு வயதுக்கு மேல் 550. கேழ்வரகு மாவையோ மக்காச்சோள மாவையோ காய்ச்சினால் கொஞ்சம் மாவிலேயே கூழ் இறுகிவிடும். பிள்ளை விழுங்க வேண்டுமே என்று தாய் தண்ணீர் விட்டு இளக்குவாள். 100 மில்லிலிட்டருக்கு 5 கிராம் மாவுள்ள கஞ்சியில் கிட்டத்தட்ட 17 கலோரிதான். அதை மட்டுமே கொண்டு 300 கலோரி சேர்க்கக் குழந்தை ஒன்றேமுக்கால் லிட்டர் குடிக்க வேண்டும். வயிறு நிறைந்து தூங்கும் குழந்தை பட்டினியில் கிடக்கிறது, வீட்டில் யாருக்கும் அது தெரிவதில்லை.

இதற்கான தீர்வு பழைய அடுக்களைகளிலேயே இருந்தது. கேழ்வரகை இரவு முழுவதும் ஊறவைத்து, ஈரத்துணியில் கட்டி முளைவிட்டதும் வெயிலில் காயவைத்து, இளஞ்சூட்டில் வறுத்து அரைத்தால் முளைமாவு. முளைக்கும்போது தானியத்தில் அமைலேஸ் என்ற நொதி பெருகுகிறது. கெட்டியாகக் காய்ச்சிய கூழ் கொதி அடங்கிச் சற்று ஆறியதும் இந்த மாவில் ஒரு சிறு கரண்டி போட்டுக் கிளறிப் பாருங்கள்: கரண்டி நிற்கும் பதத்தில் இருந்த கூழ், சில நிமிடங்களில் ஊற்றிக் குடிக்கும் பதத்துக்கு இளகிவிடும். ஒரு சொட்டுத் தண்ணீர் சேர்க்காமலே. மறுபடி ஒரு கொதி விட்டு இறக்கினால் 100 மில்லிலிட்டரில் 20 கிராம் மாவு, 70 கலோரி. மேலே ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டால் இன்னும் 45. முளைமாவைக் கருக வறுத்துவிட்டால் நொதி செத்துவிடும், பிறகு மணம்தான் மிஞ்சும். தான்சானியாவில் 'கிமேயா' என்ற பெயரில் 1980களில் இந்த மாவை ஆராய்ந்தார்கள். பரோடாவில் தாரா கோபால்தாஸ் இதே வழியில் உழைத்தார். விலை ஏதும் இல்லாத, உலகின் எந்த ஏழை நாட்டிலும் செய்துகொள்ளக்கூடிய இந்த முறை ஏன் பரவவில்லை? ஊறவைக்கவும் காயவைக்கவும் காக்கை விரட்டவும் நேரம் வேண்டும். அந்த நேரத்துக்குக் களை எடுக்கப் போகும் பெண்ணிடம்தான் நாம் இதைக் கேட்கிறோம். இதை விற்று லாபம் பார்க்க யாரும் இல்லாததால் பரப்பவும் ஆள் இல்லை.

லாபம் பார்க்க ஆள் இருந்த பொருள் எப்படிப் பரவியது என்பதையும் பார்க்க வேண்டும். பிரான்ஸின் ஆந்த்ரே பிரியாந், மிஷல் லெஸ்கான் இருவரும் 1996இல் நிலக்கடலைப் பசை, பால் பவுடர், சர்க்கரை, எண்ணெய், வைட்டமின், தாது உப்புகளைச் சேர்த்துப் 'ப்ளம்பிநட்' பாக்கெட்டை உருவாக்கினார்கள். 92 கிராமில் 500 கலோரி. தண்ணீர் தேவையில்லை, அடுப்பு தேவையில்லை, கிருமி எளிதில் வளராது. அதுவரை மிகக் கடுமையாக மெலிந்த குழந்தைகளை வாரக்கணக்கில் மருத்துவமனையில் வைத்துப் பால் கரைசல் புகட்ட வேண்டியிருந்தது. 2005இல் நைஜர் பஞ்சத்தில் எல்லையற்ற மருத்துவர்கள் அமைப்பு இந்தப் பசையைக் கொடுத்துப் பல்லாயிரம் குழந்தைகளை வீட்டிலேயே தேற்றியது. 2007இல் ஐ.நா. அமைப்புகள் அதையே பொது வழிமுறையாக ஏற்றன. இது உயிர் காத்த கண்டுபிடிப்பு. உள்ளூர் உணவின் மீது பற்றுள்ளவர்கள் சிலர் இதை வெறும் வணிகச் சூழ்ச்சி என்று தள்ளுவதை நான் ஏற்கவில்லை. மரணத்தின் விளிம்பில் இருக்கும் குழந்தைக்கு அது மருந்து. ஆனால் மருந்து சில வாரங்களில் முடிந்துவிடும். எடை ஏறிய குழந்தை திரும்பிப் போவது அதே வீட்டின் அதே கிண்ணத்துக்கு.

இந்தப் பசையை மலாவியிலேயே தயாரிக்க மார்க் மனாரி என்ற மருத்துவர் 2004இல் முயற்சி தொடங்கினார். கடலை அந்த ஊரில் விளைகிறது, அரைக்கும் இயந்திரம் வந்துவிட்டது. இருந்தும் பால் பவுடரும் வைட்டமின் கலவையும் இறக்குமதிதான். கூடவே அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சு. ஈரம் போகக் காயாத கடலையில் வளரும் பூஞ்சையின் நஞ்சு அது. சோதனையில் சிறு விவசாயிகளின் மூட்டைகள் பல தேறுவதில்லை. தேறாத மூட்டை என்ன ஆகும் என்பதுதான் என்னை அதிகம் தொந்தரவு செய்யும் கேள்வி. சோதனையே இல்லாத சந்தைக்குப் போய், அங்கிருந்து வேறு குழந்தைகளின் கஞ்சிக்குப் போகிறது. இலங்கையில் 1973 முதல் கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் வழங்கப்படும் திரிபோஷா மக்காச்சோளமும் சோயாவும் சேர்ந்த மாவு. 2022 பொருளாதார நெருக்கடியில் நல்ல மக்காச்சோளம் கிடைக்காமல் அதன் உற்பத்தி தடைபட்டது. மிகவும் தேவைப்பட்ட ஆண்டில் மாவு இல்லை. உள்ளூர் உணவு என்று சொல்லும்போது தார்ப்பாயும் உலர்களமும் கிடங்கும் அதற்குள் அடக்கம்.

இனி வியட்நாம். 1990 டிசம்பரில் சேவ் தி சில்ட்ரன் அமைப்பின் சார்பில் ஜெர்ரி ஸ்டெர்னின், மோனிக் ஸ்டெர்னின் தம்பதி ஹனோய் வந்து இறங்கினார்கள். ஆறு மாதத்தில் பலன் காட்டாவிட்டால் நாடு திரும்ப வேண்டியதுதான் என்று அரசு சொல்லிவிட்டது. மாவு தயாரிக்கவோ பண்ணை தொடங்கவோ அவகாசம் இல்லை. தான் ஹோவா மாகாணத்தின் நான்கு ஊர்களில் குழந்தைகளை எடை பார்த்தார்கள்; மூன்றில் இரண்டு பங்குக் குழந்தைகளிடம் சத்துக்குறைவு. அவர்கள் கேட்ட கேள்வி ஒன்றுதான்: பரம ஏழை வீடுகளில் ஏதாவது ஒன்றில் குழந்தை நன்றாக இருக்கிறதா?

இருந்தது. அந்த வீடுகளுக்குப் போய் உட்கார்ந்து, என்ன சமைக்கிறார்கள், யார் ஊட்டுகிறார்கள் என்று ஊர்ப் பெண்களே பார்த்தார்கள். அந்த வீட்டார் நடவுக்குப் போய்த் திரும்பும்போது வயலில் கிடக்கும் பொடி இறாலையும் நண்டையும் நத்தையையும் அள்ளிவந்து குழந்தையின் சோற்றில் போட்டிருக்கிறார்கள். சர்க்கரைவள்ளிக் கொடியின் கொழுந்தைக் கிள்ளிச் சேர்த்திருக்கிறார்கள். இரண்டும் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், காசில்லை. கைக்குழந்தைக்கு அவை ஆகாது என்பது ஊர் வழக்கம், அதனால் மற்றவர்கள் தொடவில்லை. மற்ற வீடுகளில் குழந்தைக்கு இரண்டு வேளைச் சோறு. இந்த வீடுகளில் அதே அளவை நான்கைந்து வேளையாகப் பிரித்து ஊட்டினார்கள். வயிற்றுப்போக்கு வந்தாலும் ஊட்டுவதை நிறுத்தவில்லை. கை கழுவினார்கள்.

கண்டதைப் பேருரையாக்கிச் சொல்லாமல் விட்டதுதான் ஸ்டெர்னின் தம்பதியின் மேதைமை. சத்துக்குறைந்த குழந்தைகளின் தாய்மார்களை ஒரு வீட்டில் கூட்டிச் சேர்ந்து சமைக்க வைத்தார்கள். உள்ளே வர நுழைவுக் கட்டணம் ஒரு கைப்பிடி இறால் அல்லது கொழுந்து. ஆகவே வருகிற வழியிலேயே வயலில் இறங்கியாக வேண்டும். இரண்டு வாரத்தில் கை பழகிவிட்டது. இரண்டு ஆண்டுகளில் அந்த ஊர்களில் சத்துக்குறைவு பெருமளவு இறங்கியது, திட்டம் நாடெங்கும் போனது. பின்னர் ஃபூ தோ மாகாணத்தில் ஒப்பீட்டு ஆய்வு நடத்தியபோது பலன் அவ்வளவு பெரிதாகத் தெரியவில்லை. உண்ணும் அளவு கூடியது. உடல் வளர்ச்சியில் முன்னேற்றம் வயதில் சிறிய, மிகவும் மெலிந்த குழந்தைகளிடம் மட்டுமே தென்பட்டது. எனக்கு இது ஏமாற்றமாகப் படவில்லை. ஓர் ஊரில் கண்டுபிடித்ததை இன்னோர் ஊருக்கு மூட்டை கட்டிக் கொண்டுபோனால் அது அங்கே மறுபடி அறிவுரையாகிவிடும். கண்டுபிடிக்கும் வேலையை ஒவ்வோர் ஊரும் தானே செய்ய வேண்டியிருக்கிறது.

வங்காளதேசத்தின் மோலா மீனின் கதையும் கண்ணெதிரே இருந்ததைக் காணாத கதைதான். விரல் நீளம்கூட இல்லாத குளத்து மீன். டிரினிடாட்டில் பிறந்த சகுந்தலா தில்ஸ்டெட் 1980களின் பிற்பகுதியில் வங்காளதேசத்தில் பணியாற்றியபோது, சின்ன மீன் கண்ணுக்கு நல்லது என்று கிராமத்துப் பெண்கள் சொல்வதைக் கேட்டார், ஆய்வகத்தில் சோதித்தார். வைட்டமின் ஏ ஏராளம், அதில் பெரும்பகுதி மீனின் கண்ணிலும் குடலிலும். எலும்போடு மெல்லுவதால் சுண்ணாம்புச்சத்தும் கிடைக்கிறது. ஆனால் அரசின் மீன்வளர்ப்புத் திட்டமோ கெண்டை விடுவதற்கு முன் குளத்தில் நஞ்சு போட்டுச் சின்ன மீனை எல்லாம் களை என்று கொன்றுகொண்டிருந்தது. கெண்டையையும் மோலாவையும் சேர்த்தே வளர்க்கலாம், கெண்டையின் விளைச்சல் குறையாது என்று தில்ஸ்டெட் குழு நிறுவியது. பெரிய மீன் சந்தைக்கு, பொடி மீன் வீட்டுக் குழம்புக்கு. 2021இல் அவருக்கு உலக உணவுப் பரிசு கிடைத்தது.

இதிலும் ஒரு முள் உண்டு. மோலாவைக் குழந்தைகளுக்குக் கொடுத்து இரத்தத்தில் வைட்டமின் ஏ கூடுகிறதா என்று பார்த்த ஆய்வு ஒன்றில் (2008) எதிர்பார்த்த உயர்வு தெரியவில்லை. அதோடு, அடுப்பங்கரையில் தலையைக் கிள்ளி எறிந்துவிட்டால் கண்ணும் போய்விடும். பட்டியலில் இருந்த சத்து குப்பையில் கிடக்கும். அதனால்தான் பின்னால் வந்த திட்டங்களில் சமைப்பது எப்படி என்பதும், உலர்த்தி அரைத்துக் குழந்தைச் சோற்றில் பிசையும் மீன் பொடியும் முக்கியமாயின.

கீரைக்கும் இதே பாடம். 1995இல் மேற்கு ஜாவாவில் பாலூட்டும் தாய்மார்களுக்குக் கரும்பச்சைக் கீரை நாள்தோறும் கொடுத்துப் பார்த்த சாஸ்கியா டி பேயின் குழு, அவர்களின் வைட்டமின் ஏ நிலையில் முன்னேற்றமே இல்லை என்று எழுதியபோது ஊட்டச்சத்து உலகம் அதிர்ந்தது. வைட்டமின் ஏ ஆக மாற வேண்டிய கரோட்டின் இலையின் பசுமைக்குள் சிக்கியிருக்கிறது; அதில் உடம்புக்குப் போய்ச்சேரும் பங்கு மிகச் சிறியது. மசித்து, எண்ணெய் சேர்த்துச் சமைத்தால் கூடுகிறது; குடலில் புழு இருந்தால் குறைகிறது. நம் மண்ணிலிருந்து ஆப்பிரிக்கா போன முருங்கையை 1990களின் இறுதியில் செனகலில் பரப்பியபோது, ஆரஞ்சைவிட இத்தனை மடங்கு, பாலைவிட இத்தனை மடங்கு என்ற சுவரொட்டிகள் பரவின. காய்ந்த இலைப்பொடியின் நூறு கிராமைப் பச்சைப் பழத்தின் நூறு கிராமோடு ஒப்பிட்ட கணக்கு அது. ஒரு குழந்தை ஒரு நாளில் பத்து கிராம் பொடி தின்றாலே பெரிது. முருங்கை அருமையான கீரைதான், பொய்க்கணக்கு அதற்குத் தேவையே இல்லை. கென்யாவில் நம் நல்வேளையும் மணத்தக்காளியின் உறவுக்காரக் கீரையும் ஏழைகளின் களை என்று ஒதுக்கப்பட்டுக் கிடந்தன. மேரி அபுகுட்சா-ஒன்யாங்கோ போன்ற ஆய்வாளர்களின் உழைப்பால் விதை கிடைத்து, நைரோபியின் பெரிய கடைகள்வரை வந்தன. மதிப்பு வந்த பிறகு சத்தைப் பற்றித் தனியாகப் பேச வேண்டியிருக்கவில்லை.

கரோட்டின் கிழங்கிலும் பழத்திலும் இருந்தால் உடம்பு எளிதில் எடுத்துக்கொள்கிறது. மொசாம்பிக்கின் சம்பேசியா மாகாணத்தில் 2002 முதல் 2004 வரை ஜான் லோ, மரியா அந்திராதே குழுவினர், மக்கள் ஏற்கெனவே உண்ட வெள்ளைச் சர்க்கரைவள்ளிக்குப் பதில் ஆரஞ்சுச் சதையுள்ள வகையைக் கொடுத்தார்கள். கூடவே தாய்மார்களுக்குச் சமையல் பயிற்சியும் சந்தை ஏற்பாடும். இரத்தத்தில் வைட்டமின் ஏ குறைந்த குழந்தைகளின் விகிதம் 60 சதவீதத்திலிருந்து 38க்கு இறங்கியது. முதலில் வந்த ஆரஞ்சு வகைகள் நீர்த்துப்போய் இருந்தன. மாவாக இருக்கும் கிழங்குதான் வேண்டும் என்று மக்கள் சொன்னார்கள். கோடையில் கொடி காய்ந்து, அடுத்த நடவுக்குத் தண்டு இல்லாமல் போயிற்று. மாவுத்தன்மையும் வறட்சி தாங்கும் குணமும் உள்ள வகைகளை 2011இல் அங்கேயே உருவாக்கி வெளியிட்ட பிறகுதான் பயிர் நின்றது. பசிபிக்கின் போன்பெய் தீவில் இதற்கு நேர்மாறான பாதை. பாதிக்கு மேற்பட்ட சிறு குழந்தைகளுக்கு வைட்டமின் ஏ குறை. காரணம், வெளியிலிருந்து வந்த வெள்ளை அரிசி. கைக்குழந்தைக்கு முதல் உணவாகக் கொடுத்துவந்த கரட் என்ற ஆரஞ்சுச் சதை வாழையை மறந்தே விட்டார்கள். லோயிஸ் எங்கல்பெர்கர் அதைச் சோதித்துக் காட்டி, பாட்டு, சுவரொட்டி, அஞ்சல்தலைவரை கொண்டுபோனார். 2005இல் அது மாநில வாழையானது.

முட்டையைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கேள்வி முடியாது. ஈக்வடாரின் கோதோபாக்சி மலைப்பகுதியில் 6–9 மாதக் குழந்தைகளுக்கு ஆறு மாதம் நாளொரு முட்டை கொடுத்த லோரா இயனோட்டியின் ஆய்வில் (2017) உயரம் குன்றல் 47 சதவீதம் குறைந்தது. அதே முறையை மலாவியின் மங்கோச்சி மாவட்டத்தில் செய்தபோது உயரத்தில் மாற்றமே இல்லை. மங்கோச்சி ஏரிக்கரை, குழந்தைகள் ஏற்கெனவே மீன் தின்றுகொண்டிருந்தார்கள். இல்லாத இடத்தில் முட்டை பேசுகிறது, இருக்கும் இடத்தில் அதற்குச் சொல்ல ஒன்றுமில்லை. நாடு முழுமைக்கும் ஒரே பட்டியல் போடும் அதிகாரிகள் இந்த இரண்டு ஆய்வுகளையும் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும்.

மலாவியின் வடக்கே எக்வெண்டெனியில் 2000இல் தொடங்கிய முயற்சி எனக்கு மிகவும் பிடித்தது. உரம் வாங்க முடியாமல் மக்காச்சோளம் பொய்த்த வீடுகளின் குழந்தைகளே மருத்துவமனைக்கு வருகிறார்கள் என்பதை அங்குள்ளவர்கள் கவனித்தார்கள். துவரையும் நிலக்கடலையும் ஊடுபயிராகப் போட்டால் மண்ணுக்கும் உரம், குழந்தைக்கும் பருப்பு. ரேச்சல் பெஸ்னர் கெர், எஸ்தர் லுபாஃபியா ஆகியோர் விவசாயிகளோடு சேர்ந்து நடத்திய திட்டம் இது. விளைச்சல் வந்ததும் எதிர்பாராத தடை: ஆண்கள் பயறைச் சந்தையில் விற்றுவிட்டார்கள், பெண்களுக்கு வேலை மட்டும் கூடியது. எனவே சமையல் நாள் வைத்தார்கள். ஆண்களும் வந்து பருப்பைக் கடைந்து குழந்தைக்கு ஊட்டினார்கள். வீட்டுச் சண்டைகள், மாமியார் மருமகள் வழக்குகள்வரை பேசும் கூட்டங்களும் நடந்தன. நெடுநாள் ஈடுபட்ட வீடுகளில் குழந்தைகளின் எடை கூடியது. விவசாயத் துறை அறிக்கை எதிலும் மாமியாருக்கு இடம் இருப்பதில்லை, ஆனால் குழந்தையின் கிண்ணத்தை முடிவு செய்கிறவர்களில் அவரும் ஒருவர்.

உள்ளூர் உணவால் எட்ட முடியாதவையும் உண்டு. ஆறு மாதக் குழந்தைக்குத் தேவையான இரும்புச்சத்தைத் தானியமும் பருப்பும் கீரையும் மட்டுமே கொண்டு நிரப்புவது மிகக் கடினம். ஈரல், மீன், இறைச்சி வேண்டும், அல்லது மருந்தாக இரும்பு வேண்டும். இதை மறைத்துப் பழமையின் பெருமை பேசுவது குழந்தைக்குச் செய்யும் துரோகம். அசுத்தத் தண்ணீரால் குடல் புண்ணாகி உணவு ஒட்டாமல் போவதும் மெய்யே. என்றாலும் வங்காளதேசம், கென்யா, ஜிம்பாப்வேயில் நடந்து 2018–19இல் வெளிவந்த பெரிய ஆய்வுகளில் கழிப்பறையும் கைகழுவலும் மட்டும் வளர்ச்சியைக் கூட்டவில்லை. கூடுதல் உணவு கொடுத்த குழுக்களில்தான் சிறிதளவாவது உயரம் கூடியது. டாக்கா மிர்பூரின் குடிசைப் பகுதியில் தஹ்மீத் அகமதும் அமெரிக்காவின் ஜெஃப்ரி கார்டனும் செய்த ஆய்வு (2021) இன்னொரு கதவைத் திறந்திருக்கிறது. கொண்டைக்கடலை, சோயா, நிலக்கடலை, வாழைக்காய் சேர்ந்த உணவு, வழக்கமான துணை உணவைவிடக் கலோரி குறைந்திருந்தும் எடையை வேகமாக ஏற்றியது. குடலின் நுண்ணுயிர்களை அது சீர்படுத்தியதே காரணம் என்கிறார்கள். வாழைக்காய்க்கு இப்படி ஒரு வேலை இருக்கும் என்று எந்தச் சத்துப் பட்டியலும் சொன்னதில்லை.

கடைசியில் வாங்கும் சக்திக்குத்தான் வர வேண்டும். ஏழை நாடுகளில் முட்டை, பால், மீன் வழியாகக் கிடைக்கும் ஒரு கலோரி, அரிசிக் கலோரியைவிடப் பல மடங்கு விலை. அந்த இடைவெளியை அறிவுரையால் அடைக்க முடியாது, அரசு வாங்கித் தர வேண்டும். தமிழ்நாட்டில் 1989இல் இரண்டு வாரத்துக்கு ஒன்று என்று சத்துணவில் நுழைந்த முட்டை, 2010இல் வாரம் ஐந்தாக ஆனது. பள்ளிப் பிள்ளைக்கு அது சென்றது. ஒரு வயதுக் குழந்தைக்கு அதே உறுதியோடு சென்றதா என்று கேட்க வேண்டும். 1980இல் உலக வங்கிக் கடனில் இங்கே தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் 6 முதல் 36 மாதக் குழந்தைகளை மாதந்தோறும் எடை பார்த்து, எடை ஏறாதவர்களுக்கு 90 நாள் உணவு கொடுத்தது. சிறு வயதைக் குறிவைத்த அந்தக் கூர்மை பின்னாளில் மழுங்கிவிட்டது என்பது என் எண்ணம். ஒடிசா 2017இல் சிறுதானிய இயக்கம் தொடங்கி விவசாயிகளிடம் கேழ்வரகை நேரடியாக வாங்கியது. கியோஞ்சர் மாவட்டத்து அங்கன்வாடிகளில் அது லட்டாகக் குழந்தை கைக்கு வந்தது. கேரளத்தில் குடும்பஸ்ரீ பெண்கள் குழுக்கள் கோதுமை, கடலை, சோயா, நிலக்கடலை சேர்த்து அம்ருதம் மாவை உள்ளூரிலேயே அரைத்து மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் தருகின்றன. அங்கன்வாடி உணவில் ஒப்பந்ததாரர்கள் கூடாது, கிராமத்துப் பெண்கள் குழுக்களையே பயன்படுத்துங்கள் என்று உச்ச நீதிமன்றம் 2004 அக்டோபரில் ஆணையிட்டது. அதன் பிறகும் பல மாநிலங்களில் ஒரே பெரிய ஆலையிலிருந்து ஒரே சுவை மாவு ஆண்டு முழுவதும் வந்துகொண்டிருந்தது. குழந்தை துப்பிய மாவு மாட்டுக்குப் போனது.

எத்தனை டன் மாவு இறங்கியது என்ற கணக்கு மாதம் தவறாமல் மேலே போகிறது. ஒன்பது மாதக் குழந்தை நேற்று எத்தனை வேளை சாப்பிட்டது, ஆய்வுகள் கணக்கிடும் எட்டு உணவு வகைகளில் எத்தனை அதன் வாயில் விழுந்தன என்ற கணக்கோ நான்கைந்து ஆண்டுக்கு ஒருமுறை வரும் தேசிய ஆய்வில் மட்டும் எட்டிப்பார்க்கிறது. எடை பார்க்கும் நாளில் தாயிடம் இந்த இரண்டு கேள்விகளைக் கேட்டுப் பதிவேட்டில் குறிக்க ஐந்து நிமிடம் ஆகும். குறித்தால் இந்த ஊரில் மீன் இருக்கிறது, பருப்பு இல்லை, அந்த ஊரில் எல்லாம் இருந்தும் இரண்டே வேளைதான் ஊட்டுகிறார்கள் என்பது வட்டார அலுவலகத்துக்கே தெரியும். அடுத்த மாதம் எந்த ஊருக்கு முட்டை வாங்குவது, எந்த ஊரில் பெண்களைக் கூட்டிச் சமைப்பது என்று அங்கேயே முடிவு செய்யவும் அந்த அலுவலகத்துக்குப் பணமும் அதிகாரமும் கொடுக்க வேண்டும்.